ஐந்து மில்லிமீட்டர் பொய்

சங்கத்தில் அவருக்கு அச்சசல் என்று பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அவருடைய பட்டறைக் கதவில் தொங்கிய பலகையில் மட்டும் உயிரோடு இருந்தது. அங்கே அவர் பல் செட் செய்தார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலைதான். பற்கள் போக மீதி இருந்த நேரமெல்லாம் விமானத்துக்கு.

விமானம் என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். பெட்டியில் உதிரியாக வருமே, ஒட்டிப் பெயின்ட் அடித்து அலமாரியில் வைக்கும் பிளாஸ்டிக் விமானம், அதுதான். அதைச் செய்கிறவர்களுக்குத்தான் அந்தச் சங்கம், எல்லாரும் நரை தட்டிய பெரிய மனிதர்கள். பெட்டியைத் திறந்ததும் அவர்களுக்கு ஒரு வயிற்றெரிச்சல் வரும். காக்பிட்டில், அதாவது விமானி உட்காரும் அறையில், இருக்கை என்று கம்பெனிக்காரன் ஒரு கட்டையைப் போட்டிருப்பான். மீட்டர்கள் என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லியிருப்பான். அந்த எரிச்சலைத் தணிப்பது அச்சசலின் இரண்டாவது தொழில். அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில், பெல்ட்டின் தையல் வரை செதுக்கி, அதன் மேல் சிலிக்கான் ரப்பர்க் குழம்பை ஊற்றி அச்செடுத்து, அச்சில் ரெசின் என்ற பிசினை வார்த்து, தனிப் பெட்டியில் போட்டு அனுப்புவார். வாங்கியவர்கள் பிளாஸ்டிக் கட்டையை வெட்டி எறிந்துவிட்டு இதை உள்ளே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. போட்டோவில் கண்ணால் காணாத எதையும் செய்ய மாட்டார். "தெரியலைன்னா மொட்டையா விட்டுடுவேன். கற்பனைக்கு என் மேசையில இடம் கிடையாது" என்பார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. கண்காட்சிகளில் குட்டி டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுத்தவர் காக்பிட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். "அந்த சுவிட்ச் கீழ பாத்து இருக்கணும். உங்களுது மேல பாக்குது" என்று நாலு பேர் காதில் விழச் சொல்வார். அவரை யாருக்கும் பிடிக்காது, ஆனால் அவர் பெட்டியைத்தான் எல்லாரும் வாங்குவார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அப்படியொரு மச்சான் வாய்த்தார். மனைவியின் அண்ணன், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், அவரும் சங்கத்து ஆள்தான். அச்சசல் ஒரு புதுக் காக்பிட்டை வெளியிட்டால் சரியாக இரண்டே மாதத்தில் அதே காக்பிட் மச்சானின் நீலப் பெட்டியில் வந்துவிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. யாரையாவது விட்டு ஒரு பெட்டி வாங்கவேண்டியது, அதன் தலையிலேயே சிலிக்கானை ஊற்றவேண்டியது, அச்சு தயார். மூன்று மாதம் கண் வலிக்கச் செதுக்கியதை மூன்று மணி நேரத்தில் உருவிவிடலாம்.

நேரில் கேட்டால் மச்சான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்.

"ஒரே விமானத்தைப் பாத்துச் செஞ்சா ஒரே மாதிரிதானே மாப்பிள்ளை இருக்கும்? என் தங்கச்சியும் நானும்கூடத்தான் ஒரே ஜாடை. யாரு யாரைப் பாத்துக் காப்பி அடிச்சாங்க?"

மனைவியிடம் முறையிட்டால் அவள் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே சொல்வாள்: "எனக்கு ஒரு வகுப்பு மேல படிச்சுக்கிட்டே என் கணக்கு நோட்டைப் பாத்து எழுதினவரு அவரு. இதுல என்ன ஆச்சரியம்?"

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அச்சசல் முடிவு கட்டியது இரண்டு வருடத்துக்கு முன்னால்.

அப்போது அவர் செய்துகொண்டிருந்தது ஒரு பழைய போர் விமானத்தின் காக்பிட். அசல் விமானம் ஒன்று விமான நிலையத்துக்குப் பக்கத்துக் காட்சிக்கூடத்தில் நின்றது. பழுது பார்க்கிறோம் என்று அதை வருடக்கணக்காகப் படுதா போட்டு மூடியிருந்தார்கள். உள்பக்கத்துக்கு மூன்றே மூன்று போட்டோக்கள்தான் உண்டு. மூன்றிலும் இடப்பக்கத்துக் கீழ் மூலை கரிய நிழல். அந்த நிழலில் இல்லாத ஒரு லீவரை வைத்தால்? வைத்து, அந்த ஒரு பெட்டியை மட்டும் ஒரு நண்பர் மூலம் மச்சான் கையில் சேர்த்தால்? நீலப் பெட்டியிலும் லீவர் முளைக்கும். அப்புறம் மச்சான் எந்த விமானத்தைப் பார்த்துச் செய்தேன் என்று சொல்வார்?

லீவருக்கு ஓர் உருவம் வேண்டும். கற்பனைக்குத்தான் அவர் மேசையில் இடம் கிடையாதே. சுற்றுமுற்றும் பார்த்தார். சமையலறையில் பிரஷர் குக்கர் இருந்தது. மூடியின் கைப்பிடியை இரண்டு திருகு கழற்றி எடுத்துவந்து முன்னால் வைத்துக்கொண்டார். பதினாறு சென்டிமீட்டர் நீளம், முப்பத்திரண்டால் வகுத்தால் ஐந்து மில்லிமீட்டர், ஓர் அரிசி அளவு. அந்த அரிசியில் இரண்டு திருகு ஓட்டைகளையும் போட்டார். கைப்பிடியின் ஒரு மூலை உடைந்திருந்தது, அதையும் விடவில்லை. பழக்க தோஷம்.

அன்றைக்கே ரெசின் கோப்பை கவிழ்ந்து கைப்பிடி மேசையோடு ஒட்டிக்கொண்டது. பெயர்த்து எடுத்தபோது அது கைப்பிடியாக இல்லை. செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டார். சாயங்காலம் மனைவி தேடினாள்.

"வாஷர் மாத்த வந்தானே குக்கர் ரிப்பேர்காரன், அவன்தான் கழட்டிட்டுப் போயிருப்பான்" என்றார். வாய் தானாகச் சொன்னது.

அவள் மறுநாளே நடுத்தெருவில் ரிப்பேர்காரனை நிறுத்தி வைத்துக் கிழி கிழி என்று கிழித்தாள். அவன் சத்தியம் பண்ணினான். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து அவனைக் கண்டால் எதிர் வரிசைக்குப் போய் நடப்பாள். குக்கர் மூடியைத் துணி போட்டுத் தூக்குவாள்.

லீவர் வைத்த பெட்டி நண்பர் மூலம் மச்சான் கைக்குப் போனது. திட்டம் அத்தனை சுத்தமாக இருந்தது. கெட்டது ஓர் அச்சினால். சிலிக்கான் அச்சு இருபது இருபத்தைந்து தடவைக்கு மேல் தாங்காது, கிழிந்துவிடும். லீவர் இல்லாத நல்ல அச்சு கிழிந்த வாரத்தில் பன்னிரண்டு பெட்டிக்கு ஆர்டர் வந்தது. லீவர் வைத்த அச்சு புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று அச்சசல் மனதைத் தேற்றிக்கொண்டு வார்த்தார். லீவரைச் சுரண்டி எடுத்துவிட்டு அனுப்பலாம் என்றுதான் நினைத்தார். மறந்து தொலைத்தார்.

பத்து நாளில் ஒரு போன். "சார், அந்த இடப்பக்க லீவர்! எந்தப் போட்டோலயும் இல்லையே, எங்க சார் புடிச்சீங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. ஆனால் அந்தக் குரலில் இருந்த பக்தி அச்சசலின் தலையில் ஐஸ் வைத்துவிட்டது.

"பாக்க வேண்டிய இடத்துல பாத்தா தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். லீவர் பிழைத்துக்கொண்டது. சங்கத்தில் ஒருவர் விடாமல் வைத்தார்கள். அந்த வருடப் போட்டியில் லீவர் இல்லாத ஒரு அருமையான மாடலுக்குச் சங்கத் தலைவர் இரண்டு மார்க் குறைத்தார். முதல் பரிசு கைநழுவிப் போனது. தலைவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துச் சொன்னால் அப்புறம் மேல்முறையீடு கிடையாது. அச்சசல் கூட்டத்தோடு கூட்டமாகக் கை தட்டினார். காது மட்டும் சுட்டது.

அடுத்த மாதமே நீலப் பெட்டி வந்தது. லீவர் இருந்தது. உடைந்த மூலை இருந்தது. அச்சசல் சமையலறையில் ஒரு குதி குதித்தார். இரண்டாவது குதிக்குக் கால் எழவில்லை. மச்சானைத் திருடன் என்று சொல்ல வேண்டுமானால், லீவர் பொய் என்று சொல்ல வேண்டும். லீவர் பொய் என்றால் அதை விற்றவர் யார்? புலி வாலைப் பிடித்த கதையாக இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

இப்போது விமானத்தின் பழுதெல்லாம் முடிந்து படுதாவை எடுத்துவிட்டார்கள். காட்சிக்கூடத்தின் வாசல் கவுன்டரில் ஒரே ஒருவருடைய காக்பிட் பெட்டியை வைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. 'அசலை அளந்து செய்தது' என்று அட்டை, கீழே செய்தவர் பெயர். அச்சசலுக்கு வாயில் எச்சில் ஊறியது. அவர் விண்ணப்பித்தார். மச்சானும் விண்ணப்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத் தலைவர் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒருவரைச் சொல்வது என்று ஏற்பாடு.

அச்சசல் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். லீவர் இல்லாத முதல் வார்ப்பு ஒன்று அவரிடம் பத்திரமாக இருந்தது. அதைப் பல் வைக்கும் சின்ன டப்பியில் போட்டுக்கொண்டார். அசலில் லீவர் இருக்காது. மச்சான் முழிப்பார். உடனே டப்பியைத் திறந்து, 'இது திருடனுக்கு வெச்ச பொறி ஐயா' என்று அடக்கமாகச் சொல்ல வேண்டும். பொறி வேறு, பொய் வேறு. இதை அவர் கண்ணாடியில் தெரிந்தவரிடம் மூன்று தடவை சொன்னார்.

"நானும் வரேன்" என்றாள் மனைவி. "நீங்க ரெண்டு பேரும் ஏணியில ஏறி ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட்டா, பிடிக்க ஆள் வேணும்ல."

காட்சிக்கூடம் ஒரு பழைய விமானக் கொட்டகை. எண்ணெய் வாடையும் புதுப் பெயின்ட் வாடையும் கலந்து அடித்தன. விமானம் பளபளவென்று நின்றது. அதை வருடக்கணக்காக ஒற்றை ஆளாகச் சீர் செய்த மெக்கானிக், கையைப் பஞ்சில் துடைத்துக்கொண்டு ஏணிப் பக்கம் ஒதுங்கி நின்றார். நரைத்த மீசை, குனிந்த தலை.

தலைவர் மேசை போட்டு உட்கார்ந்து முதலில் மச்சானைக் கேட்டார். "எப்படிச் செஞ்சீங்க?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி, படுதா போடறதுக்கு முன்னாடி, நானே உள்ள உட்கார்ந்து காலிப்பர் வெச்சு அளந்தேன் சார். ஒவ்வொரு சுவிட்சும்."

"இடப்பக்க லீவர்கூடவா மச்சான்?" என்று தேனொழுகக் கேட்டார் அச்சசல்.

"அதை முதல்ல அளந்தேன் மாப்பிள்ளை."

"ஒரு மூலை உடைஞ்சிருக்கே, அது?"

"அதுவும்தான். பழைய விமானம். உடையாம இருக்குமா?"

அச்சசலுக்குக் கையைக் காலை ஆட்டாமல் நிற்பது பெரும்பாடாக இருந்தது. "அப்ப பாத்துடலாம்" என்றார்.

தலைவர் முதலில் ஏறினார். லென்ஸோடு தலையை உள்ளே விட்டார். "பேஷ்!" என்று குரல் வந்தது. "இருக்கு. உடைஞ்ச மூலையோட இருக்கு."

மனைவி பார்க்க அச்சசல் இப்படி ஏணியில் தாவி ஏறி வெகுகாலம் ஆயிற்று. எட்டிப் பார்த்தார். இடப்பக்கத்துக் கீழ் மூலையில், கறுப்பாக, இரண்டு திருகு போட்டு, ஒரு மூலை உடைந்து, லீவர் இருந்தது.

ஒரு கணம் அவர் தன்னை ஒரு பெரிய மேதை என்றே நினைத்துவிட்டார். பார்க்காமலே அசலைப் பிடித்திருக்கிறோம்! அடுத்த கணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். சட்டைப் பையில் டப்பி குறுகுறுத்தது. தலைவர் மச்சானின் தோளில் தட்டிக்கொண்டே மேசைக்குப் போனார். "ரெண்டு பேர் பெயரையும் போட்டுடலாம். ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே" என்று அவர் சொல்வது கேட்டது.

இறங்கி வந்தவரின் முழங்கையை மெக்கானிக் மெல்லத் தொட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"சார், உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அது அசல் இல்ல. போன மாசம் நான் செஞ்சது."

அச்சசல் ஏணியை மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

"போன வருஷம் யாரோ ஒருத்தர் மாடலைக் கொண்டுவந்து காட்டி, இந்த லீவர் எங்கன்னு கேட்டுட்டார். கழட்டின பாகங்களோட பட்டியல்ல அது இல்ல. பட்டியல் எழுதினதே நான்தான். எழுதாமலே தொலைச்சுட்டேன்னு ஆயிடுச்சு. மேலிடத்துல விளக்கம் கேட்டாங்க. மூணு மாசம் ஒவ்வொரு பெட்டியாக் கொட்டித் தேடினேன். முப்பது வருஷத்துல நான் ஒரு வாஷரைத் தொலைச்சதில்ல சார். கடைசியில, கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப எனக்கே அதைக் கழட்டி எங்கயோ வெச்ச மாதிரி கனவு வருது. உங்க பெட்டி ஒண்ணு வாங்கி, லென்ஸ் வெச்சு அளந்து, முப்பத்திரண்டால பெருக்கி, பழைய ப்ரொப்பல்லர் கட்டையில செதுக்கி மாட்டினேன். ரெண்டு மாசத்துல ரிடையர் ஆகறேன். இந்த ஒரு குறையோட போறேன்."

மனைவி ஏணியடியில்தான் நின்றிருந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். எட்டிப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க" என்றாள் மேலிருந்தே. கல்யாணம் ஆன நாளாக அவர் பயப்படுகிற ஒரே 'என்னங்க' அது.

"என்ன?"

"இது நம்ம குக்கர் கைப்பிடி."

"ஸ்ஸ்..."

"நான் சிங்க் விளிம்புல இடிச்சு உடைச்ச மூலை இது. எனக்குத் தெரியாதா?" அவள் இறங்கி வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "ரெண்டு வருஷமா அந்த ரிப்பேர்காரன் மூஞ்சியைப் பாக்காம எதிர் வரிசையில நடக்கறேன். இப்ப இந்த மனுஷன் தொலைக்காததைத் தொலைச்சேன்னு எழுதிக் குடுத்துட்டு நிக்கறாரு. நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அச்சசல் மேசையைப் பார்த்தார். தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். சும்மா இருந்தால் போதும், வாசலில் பெயர் வந்துவிடும். மச்சான்கூட அடித்துச் சாட்சி சொல்வார். அப்புறம் மெக்கானிக்கைப் பார்த்தார். அவர் பஞ்சால் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அச்சசலுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்தவர் காக்பிட்டில் டார்ச் அடித்த ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வந்தது.

மேசைக்குப் போய் டப்பியைத் திறந்து வைத்தார். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட வரவில்லை.

"அப்படி ஒரு லீவரே கிடையாது சார். நான் இட்டுக்கட்டினது. எங்க வீட்டுக் குக்கர் கைப்பிடி."

தலைவர் லென்ஸை எடுத்தார், வைத்தார். "அப்ப உள்ள இருக்கறது?"

"நான் செஞ்சதுங்க, போன மாசம்" என்றார் மெக்கானிக். இரண்டடி முன்னால் வந்திருந்தார்.

தலைவர் மெதுவாக மச்சான் பக்கம் திரும்பினார். "நீங்க எட்டு வருஷத்துக்கு முன்னாடி அளந்தீங்க."

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அளவு கொஞ்சம்... முன்ன பின்ன..."

"என் நோட்டுல நான் தப்பாப் போட்ட கணக்கையும் இப்படித்தான் அண்ணா அப்படியே எழுதுவீங்க" என்றாள் தங்கை.

தலைவர் இரண்டு விண்ணப்பங்களையும் சேர்த்து வைத்து நடுவில் ஒரு கோடு போட்டார். "இவருக்குத்தான் பொறி வெச்சீங்கன்னு புரியுது, அது சரி" என்றார் அச்சசலிடம். "பொறியை வித்தீங்களே, அது?"

அச்சசல் டப்பியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். தலைவருக்கு மேலே திட்ட வாய் வரவில்லை. லீவர் இல்லாத ஒரு நல்ல மாடலுக்கு இரண்டு மார்க் குறைத்த ஞாபகம் அவருக்கும் வந்திருக்க வேண்டும். லென்ஸை உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். அடிக்க வருவார் என்று அச்சசல் எதிர்பார்த்தார். வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

"அப்ப நான் தொலைக்கல" என்றார் மெக்கானிக்.

"இல்ல சார்."

"நான் தொலைக்கல."

"நீங்க எதையும் தொலைக்கல. என்னை மன்னிச்சிடுங்க."

"எழுதிக் குடுங்க" என்றார். அச்சசல் கோடு போட்ட விண்ணப்பத்தின் பின்பக்கத்திலேயே எழுதினார். மனைவி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினார். அவள் ஒரு வரியையும் பூசி மெழுக விடவில்லை. மெக்கானிக் அதை இரண்டு தடவை படித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரோடு ஏணியில் ஏறி, லீவரைக் கழற்றிக்கொண்டு வந்து மனைவி கையில் கொடுத்தார்.

"இந்தாங்கம்மா. இது உங்க வீட்டுப் பொருள்." அன்று முதல் தடவையாக அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குக்கர் மூடியை எடுத்தாள். அச்சசல் பக்கத்தில் கைகட்டி நின்றார். கைப்பிடியை வைத்துப் பார்த்தாள். இரண்டு ஓட்டையும் இம்மி பிசகாமல் நேராக வந்து உட்கார்ந்தன. திருகு இறங்கியது. உடைந்த மூலைகூட அவள் கட்டைவிரலுக்குப் பழைய இடத்திலேயே இருந்தது. இத்தனை நடந்தும் அச்சசலுக்கு உள்ளூர ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

"பாத்தியா, முப்பத்திரண்டால வகுத்துப் பெருக்கியும் ஒரு மயிரிழை தப்பல" என்றார்.

அவள் திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். தெருவில் ஒரு குரல் கேட்டது. குக்கர், அடுப்பு, மிக்ஸி ரிப்பேர் என்று கூவிக்கொண்டு ரிப்பேர்காரன் போய்க்கொண்டிருந்தான். இவர்கள் வீடு வந்ததும் வழக்கம்போலக் குரலைக் குறைத்துக்கொண்டான்.

அவள் ஜன்னலைத் திறந்து, "இருப்பா, ஒரு நிமிஷம் நில்லு!" என்றாள். பிறகு திரும்பி, ஒரு தாளையும் பேனாவையும் கணவர் கையில் வைத்தாள்.

"போங்க. அவனுக்கும் எழுதிக் குடுத்துட்டு வாங்க. அச்சு அசலா இருக்கணும்."